அதட்டலா, அன்பான சொல்லா? எது காதில் ஏறும்?

(நம் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஊக்குநர்கள், பிரதிநிதிகள், உறுப்பினர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)



விடியுமுன் பூப்பறித்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வேடசந்தூர் பக்கம் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் வந்தவர்களும் இருக்கிறீர்கள். சின்னாளபட்டியில் சேலை வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஒரு நாள் வேலையை விட்டு வந்தவர்களின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நேராக விஷயத்துக்கு வருவோம்.

இன்று நாம் சேமிப்புக் கணக்கையோ வட்டிக் கணக்கையோ பேசப் போவதில்லை. அந்தக் கணக்கெல்லாம் சரியாக நடப்பதற்கு ஒன்று தேவைப்படுகிறது. அதுதான் நம் வாயிலிருந்து வருகிற பேச்சு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழு நடத்துகிற நாம் மாதம் முழுக்க என்ன செய்கிறோம்? அடுத்தவரிடம் ஏதாவது ஒன்றைச் செய்யச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். "கூட்டத்துக்கு வா", "தவணையைக் கட்டு", "பிள்ளைக்குத் தடுப்பூசி போடு", "பொண்ணைப் படிக்க வை", "குடிக்காதே". எல்லாமே நல்ல விஷயம்தான். ஆனால் ஒருத்தர் சொன்னால் நடக்கிறது, இன்னொருத்தர் சொன்னால் வம்பில் முடிகிறது. சொன்ன விஷயம் ஒன்றுதான். சொன்ன விதம்தான் வேறு.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு குழுவை வைத்துப் பார்ப்போம். ஓர் உறுப்பினர் இரண்டு தவணை கட்டவில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "வாங்கித் தின்னத் தெரிஞ்சுது, கட்டத் தெரியலையா?" என்று ஒருத்தர் கேட்டுவிடுகிறார். அவர் மூன்றாவது கூட்டத்துக்கு வரமாட்டார். வராதவரிடம் வசூல் பண்ண முடியாது. வீட்டுச் செலவுக்கு அவர் கந்துவட்டிக்காரரிடம் போவார். அவருக்கு வேண்டிய இரண்டு பேர், "அவளே கட்டல, நாங்க மட்டும் ஏன் கட்டணும்?" என்பார்கள். ஒரு வார்த்தையில் ஒரு குழு உடைய இவ்வளவு போதும்.

மனசு ஏன் முறுக்கிக் கொள்கிறது?

ஆட்டைக் கயிறு கட்டி இழுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. முன்னால் இழுக்க இழுக்க அது காலை ஊன்றிப் பின்னால் இழுக்கும். அதே ஆட்டுக்கு முன்னால் அகத்திக்கொப்பைக் காட்டிக்கொண்டு நடந்தால் தானே பின்னால் வரும். மனுஷ மனசும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

அமெரிக்காவில் ஜாக் பிரெம் என்ற உளவியல் அறிஞர் இதை ஆராய்ந்து 1966ஆம் ஆண்டில் ஒரு புத்தகமாகவே எழுதினார். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். "இதைச் செய்யலாமா வேண்டாமா என்று நானே முடிவு செய்வேன்" என்று ஒருவர் நினைத்துக் கொண்டிருக்கும் போது அந்த உரிமையை யாராவது பறிக்கப் பார்த்தால், அவர் மனசு அதைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். சொன்னதற்கு நேர் எதிராகச் செய்வதுதான் அதற்குச் சுலபமான வழி. நம் ஊரில் இதைத்தான் "முறுக்கிக்கிட்டான்", "வீம்பு பிடிக்கிறா" என்று சொல்கிறோம். அது கெட்ட குணம் என்று நாம் நினைக்கிறோம். அது எல்லா மனுஷருக்கும் உள்ள குணம். நமக்கும் உண்டு. வீட்டில் யாராவது "இன்னைக்கு நீ குழுவுக்குப் போகக் கூடாது" என்று சொன்ன அன்றைக்குத்தான் போயே தீர வேண்டும் என்று நமக்கும் தோன்றுகிறது, இல்லையா?

சுவரைப் பாருங்கள். "இங்கே விளம்பரம் செய்யாதே", "இங்கே குப்பை கொட்டாதே, மீறினால் தண்டிக்கப்படுவாய்" என்று பெரிதாக எழுதியிருக்கும். அதன் அடியிலேயேதான் குப்பை குவிந்து கிடக்கும். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1976இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் கழிப்பறைகளில் இரண்டு விதமான அறிவிப்புப் பலகைகள் வைத்தார்கள். ஒன்றில் "எந்தக் காரணம் கொண்டும் சுவரில் எழுதக் கூடாது" என்று கண்டிப்பாக இருந்தது. இன்னொன்றில் "தயவு செய்து சுவரில் எழுதாதீர்கள்" என்று இருந்தது. கண்டிப்பான பலகை இருந்த இடத்தில்தான் அதிகம் கிறுக்கினார்கள். அதுவும் பெரிய அதிகாரியின் பெயர் போட்டிருந்த பலகையில் இன்னும் அதிகம். படித்த பிள்ளைகளே அப்படி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஆத்தூர் வட்டாரம் சொல்லும் பாடம்

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் திண்டுக்கல் மண்ணிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது.

காந்திகிராமம் நமக்குத் தெரியும். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் 1947இல் தொடங்கியது. அங்கே 1959இல் கிராம சுகாதாரத்துக்கென்று ஒரு முன்னோடித் திட்டம் ஆரம்பித்தார்கள். பிறகு 1964இல் அது ஒரு நிறுவனமாகவே வளர்ந்தது. அதன் வேலைக்களம் நம் ஆத்தூர் வட்டாரம்தான். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை, மதுரை மாவட்டத்தில் இருந்தது.

அந்தக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்ற பேச்சை எடுத்தாலே வீட்டுக்குள் விடமாட்டார்கள். புருஷன் பெண்டாட்டி ஒருவருக்கொருவர்கூடப் பேசிக்கொள்ளாத விஷயம். அங்கே போய் "ரெண்டோட நிறுத்து" என்று வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உத்தரவு போட்டால் யார் கேட்பார்கள்? அதனால் காந்திகிராமத்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். ஊரில் மக்கள் யார் பேச்சை மதிக்கிறார்களோ அவர்களை அடையாளம் கண்டார்கள். அவர்களைக் கூப்பிட்டு, விஷயத்தை விளக்கி, அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். பிறகு அந்த ஊர்க்காரர்களே தங்கள் அக்கம்பக்கத்தில் தங்கள் பாஷையில் பேசினார்கள். தெரிந்தவர், நம்மைப் போல வாழ்கிறவர், "நான் கேட்டுப் பாத்தேன், இப்படிச் சொல்றாங்க, நீ யோசிச்சுப் பாரு" என்று சொன்னார். 1960களில் ஆத்தூர் வட்டாரத்தில் பிறப்பு விகிதம் நன்றாகக் குறைந்தது. நாடு முழுவதும் இருந்து அதைப் படிக்க வந்தார்கள். எல்லாம் வெறும் பேச்சால் மட்டுமே நடந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வசதியும் இருந்தது, நர்சுகள் வீடு வீடாக நடந்தார்கள், அறுவைச் சிகிச்சைக்கு அரசு ஊக்கத்தொகையும் கொடுத்தது. ஆனால் கதவைத் திறந்து விட்டது அந்தப் பேச்சுதான்.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். 1975 ஜூன் மாதம் நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எண்ணிக்கை நிர்ணயித்து, அதிகாரிகளுக்கு இலக்கு கொடுத்தார்கள். விளக்கம் போய் மிரட்டல் வந்தது. பல வட மாநிலங்களில் சம்பளத்தை நிறுத்துவோம், ரேஷனை நிறுத்துவோம் என்றார்கள். போலீசை வைத்துப் பிடித்துக்கொண்டு போன ஊர்களும் உண்டு. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 82 லட்சத்துக்கு மேல் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு.

எண்ணிக்கையைப் பார்த்தால் வெற்றி மாதிரித்தான் தெரியும். அடுத்த வருஷம் என்ன ஆச்சு? 1977 மார்ச்சில் நெருக்கடி நிலை முடிந்தது, தேர்தலில் ஆட்சியும் மாறியது. 1977-78இல் மொத்தமே 10 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. ஆண்கள் 2 லட்சம் பேர்கூட வரவில்லை. "குடும்பக் கட்டுப்பாடு" என்ற பேரே மக்களுக்குக் கசந்துபோய், அரசாங்கம் "குடும்ப நலம்" என்று பெயரை மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த முறுக்கு இன்னும் தீரவில்லை, சகோதரிகளே. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது ஆயிரத்துக்கு மூன்று பேர்தான். ஆணுக்குச் சின்ன சிகிச்சை, சீக்கிரம் எழுந்து வேலைக்குப் போகலாம். இருந்தாலும் வயிற்றைக் கிழித்துக்கொள்வது நாம்தான். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அன்றைக்கு அதட்டியும் பிடித்தும் செய்த வேலை அதில் ஒரு முக்கியக் காரணம். பலவந்தம் பண்ணியவர்கள் யாரோ. பாரத்தைச் சுமக்கிறவர்கள் நாம்.

பூட்டை உடைத்தும் திறக்கலாம், சாவி போட்டும் திறக்கலாம். ஆனால் உடைத்த பூட்டு மறுபடி பூட்டாது. இது நம் திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"ங்க" சேர்த்தால் மட்டும் போதுமா?

சரி, மரியாதையாகப் பேசினால் போதும், "வா" என்பதை "வாங்க" என்று மாற்றினால் போதும் என்று நினைத்து விடாதீர்கள். "கட்டித்தான் ஆகணுங்க. வேற வழியே இல்லைங்க" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு இடத்தில் "ங்க" இருக்கிறது. ஆனால் கேட்பவருக்கு மூச்சு விட இடமில்லை. மரியாதை இருக்கிறது, உரிமை இல்லை.

மனசைத் திறப்பது "முடிவு உங்க கையில" என்ற எண்ணம்தான். இதற்கும் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. பிரான்ஸ் நாட்டில் இரண்டு பேராசிரியர்கள் செய்தது, 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழியில் போகிறவர்களிடம் "பஸ்ஸுக்குச் சில்லறை தருவீர்களா?" என்று கேட்கச் செய்தார்கள். நூற்றுக்குப் பத்துப் பேர்தான் கொடுத்தார்கள். பிறகு அதே கேள்வியோடு, "கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டார்கள். நூற்றுக்கு 47 பேருக்கு மேல் கொடுத்தார்கள். "வேண்டாம்" என்று சொல்ல வழி விட்டதும் "சரி" என்று சொல்கிறவர்கள் கூடினார்கள். இதைப் போல நடந்த 42 ஆராய்ச்சிகளை 2013இல் ஒருவர் தொகுத்துப் பார்த்தார். பெரும்பாலும் பலன் உண்டு என்றுதான் தெரிந்தது. ஆனால் ஒரு விஷயம்: பதிலை அங்கேயே சொல்லிவிடும் போதுதான் பலன் அதிகம். "அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளிப் போனால் பலன் குறைகிறது. இதை மனதில் வையுங்கள், பிறகு உபயோகப்படும்.

ஒரே தவணையை மூன்று விதமாகக் கேட்டுப் பார்ப்போம்.

ஒன்று: "நாளைக்குப் பத்து மணிக்குள்ள பணம் வந்தாகணும். இல்லைன்னா நடக்கிறதே வேற!"

இரண்டு: "மதினி, நாளைக்குப் பணத்தைக் கட்டிருங்க. தயவு செஞ்சு கட்டிருங்க."

மூன்று: "மதினி, உங்க தவணை 850 ரூபாய் நிக்குது. பத்தாம் தேதி நாம பேங்குல கட்டணும். உங்களால எவ்வளவு முடியும், என்னைக்கு முடியும், நீங்களே சொல்லுங்க."

முதலாவது மிரட்டல். இரண்டாவது கெஞ்சல். மூன்றாவதில் மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, காரணம் இருக்கிறது. முடிவை மட்டும் அவர் கையில் கொடுக்கிறோம். அவர் வாயாலேயே "வெள்ளிக்கிழமை ஐநூறு தர்றேன்" என்று சொன்னால் அது அவர் சொன்ன வார்த்தை. நாம் போட்ட உத்தரவை மீறுவது சுலபம். தன் வாயால் சொன்னதை மீறுவது கஷ்டம்.

"கெஞ்சினால் மிஞ்சுவார்கள்" என்கிறீர்களா?

பின்வரிசையில் ஓர் அக்கா முணுமுணுப்பது கேட்கிறது. "கெஞ்சினா மிஞ்சுவாங்க, மிஞ்சினா கெஞ்சுவாங்கன்னு பெரியவங்க சொல்லலையா? எல்லாரையும் நல்லவிதமாப் பேசிப் பாத்தாச்சு, பணம் வரல." நியாயமான கேள்வி.

நன்றாகப் பேசுவது வேறு, விதியைத் தளர்த்துவது வேறு. விதி குழுவில் எல்லோரும் சேர்ந்து போட்டது. தீர்மானப் புத்தகத்தில் எல்லார் கையெழுத்தும் இருக்கிறது. தவணை தவறினால் அபராதம் என்று எழுதியிருந்தால் அபராதம்தான். அதை ஊக்குநரின் அக்காவுக்கும் போட வேண்டும், ஒரு ஏழை விதவைக்கும் போட வேண்டும். விதி உறுதியாக இருக்கட்டும். வார்த்தை மட்டும் மெதுவாக இருக்கட்டும். "நம்ம எல்லாரும் போட்ட தீர்மானப்படி இருபது ரூபாய் அபராதம் வருதுக்கா, எழுதிக்கிறேன்" என்று சொன்னால் யாருக்கும் கோபம் வராது. "உனக்கெல்லாம் அபராதம் போட்டாத்தான் புத்தி வரும்" என்றால் இருபது ரூபாய்க்கு இருபது வருஷப் பகை.

விதியைப் போடும்போது அவரையும் பேச விட்டீர்களா என்பதும் முக்கியம். தான் சேர்ந்து போட்ட விதியை ஒருவர் சுமையாக நினைப்பதில்லை. மற்றவர் தலையில் கட்டிய விதியைத்தான் உதறப் பார்ப்பார்.

அதட்ட வேண்டிய இடமும் உண்டு. குழந்தை கிணற்றுப் பக்கம் ஓடினால் "கண்ணு, உனக்கு விருப்பமிருந்தா திரும்பி வர்றியா" என்று கேட்டுக் கொண்டிருக்க முடியாது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால் அது குடும்பத்தின் விருப்பம் இல்லை, சட்டப்படி குற்றம். பெற்றோரிடம் பேசுவோம், கேட்கவில்லை என்றால் 1098க்குப் போன் பண்ணுவோம். அடிக்கிற கையை இனிமையாகப் பேசி நிறுத்த வேண்டிய கடமை எந்தப் பெண்ணுக்கும் இல்லை. அதற்கு 181 இருக்கிறது. ஆபத்து, குற்றம், நம் உடம்பு, நம் மானம் என்றால் குரலை உயர்த்துங்கள். "முடியாது" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

குடிக்கிறவரிடம் பேசும்போது

நம் உறுப்பினர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. "தினமும் கத்துறேன், அழுறேன், சாமி மேல சத்தியம் வாங்குறேன், ஒண்ணும் நடக்கல."

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற உளவியல் அறிஞர் குடி நோய்க்காரர்களுக்கு ஆலோசனை சொல்வது பற்றி ஆராய்ந்தார். 1993இல் அவரும் மற்றவர்களும் சொன்ன முடிவு: ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு குற்றம் சாட்டி, வாதாடி, மடக்கிப் பேசினாரோ அவ்வளவுக்கு அந்த நபர் ஒரு வருஷம் கழித்தும் அதிகமாகக் குடித்தார். அதனால் மில்லர் சொன்ன வழி, நாம் காரணம் சொல்வதை விட்டுவிட்டு அவரையே சொல்ல வைப்பது. "நீ குடும்பத்தைக் கெடுக்கிறே" என்று சொன்னால் "நான் என்ன கெடுத்தேன்?" என்று பதில் வரும். போதை தெளிந்த காலை நேரத்தில், "குடியால உங்களுக்கு என்ன கஷ்டமா இருக்கு? விட்டா எது நல்லாயிருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால், அவர் வாயிலிருந்தே ஒரு காரணம் வரலாம். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த நாள் பேசலாம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். அவர் குடிப்பதற்கு உங்கள் பேச்சு காரணம் இல்லை. நீங்கள் இனிமையாகப் பேசவில்லை என்பதால்தான் குடிக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஒரு நோய், அதற்கு வைத்தியம் வேண்டும். நம் பேச்சு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட்டிப் போக ஒரு வழி, அவ்வளவுதான்.

இனிக்கப் பேசுகிறவர்களிடம் எச்சரிக்கை

இதுவரை நாம் மற்றவரிடம் பேசுவதைச் சொன்னோம். நம்மிடம் மற்றவர் பேசுவதையும் பார்க்க வேண்டும்.

முறுக்கிக் கொள்கிற குணம் மனுஷருக்கு வேலி மாதிரி. அது நம்மைக் காப்பாற்றவும் செய்கிறது. அதட்டுகிறவரைக் கண்டால் வேலி தானாக உயரும். ஆனால் "அக்கா, அக்கா" என்று தேனொழுகப் பேசுகிறவரிடம் வேலி இறங்கி விடுகிறது. கடன் கொடுக்க வரும்போது "ஆதார் கார்டு மட்டும் குடுங்கக்கா, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். தவணை தவறிய அன்று அதே வாய் வேறு மாதிரி பேசும். நான்கு இடத்தில் கடன் வாங்கிவிட்டு, ஒன்றைக் கட்ட இன்னொன்றில் வாங்கித் தவிக்கிற சகோதரிகள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள்.

இனிப்பான பேச்சைச் சோதிக்க ஒரே கேள்வி போதும். "நான் வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும்?" உண்மையாக மரியாதை உள்ளவர் "ஒண்ணும் ஆகாதும்மா, யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். முகம் மாறினால், "இன்னைக்கே கையெழுத்துப் போடணும், நாளைக்குக் கிடைக்காது" என்றால், அது அதட்டல்தான், மேலே சர்க்கரை தடவியிருக்கிறது.

வசூலுக்கு வருகிறவர் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இன்று விதியே இருக்கிறது. நுண்கடன் பற்றிய ரிசர்வ் வங்கியின் விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி மிரட்டும் வார்த்தையோ அசிங்கமான வார்த்தையோ பேசக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது. சொந்தக்காரர்களை, அக்கம்பக்கத்தாரைத் தொல்லை செய்யக் கூடாது. கடன்காரர் என்று பெயரை வெளியில் போடக் கூடாது. இந்த விதி வங்கிகளுக்கும், ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தும். மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக்குப் போகலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடன் வசூலில் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025இல் தனிச் சட்டம் கொண்டு வந்தது.

இந்த விதிகள் சும்மா வரவில்லை. 2010இல் ஆந்திராவில் வசூல் நெருக்கடி தாங்காமல் பெண்கள் உயிரை விட்ட செய்திகள் வந்தன. அந்த அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் போட்டது. அதன் பிறகு அங்கே மக்கள் தவணை கட்டுவதையே பெருமளவில் நிறுத்திவிட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனங்களே ஆட்டம் கண்டன. அதட்டி வசூலித்தவர்களுக்கும் கடைசியில் நஷ்டம்தான் மிஞ்சியது.

வெளியாள் நம்மிடம் அப்படிப் பேசக் கூடாது என்று விதி கேட்கிற நாம், நம் குழுவுக்குள் நம் சகோதரியிடம் அப்படிப் பேசலாமா?

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

பேசியதெல்லாம் காற்றில் போகக் கூடாது. ஐந்து காரியம் சொல்கிறோம். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தவணை தவறியவரைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்காதீர்கள். கூட்டத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்கு ஒருவர் மட்டும் போங்கள். அவர் மதிக்கிறவர் யாரோ அவர் போகட்டும். ஊக்குநர்தான் போக வேண்டும் என்பதில்லை.

2. போனதும் பணத்தைக் கேட்காதீர்கள். "என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை பேசாமல் இருங்கள். மாடு செத்திருக்கலாம், மில்லில் வேலை போயிருக்கலாம், மகன் ஆஸ்பத்திரியில் இருக்கலாம்.

3. தொகை, தேதி, காரணம் மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். "நீங்க கட்டலைன்னா எங்க பாடு திண்டாட்டம்" என்று அழவும் வேண்டாம், "போலீசுக்குப் போவோம்" என்று பொய் மிரட்டலும் வேண்டாம்.

4. "எவ்வளவு முடியும், என்னைக்கு முடியும்?" என்று கேட்டு, பதிலை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு சொன்னோமே, தள்ளிப் போட்டால் பலன் குறையும். நூறு ரூபாய் என்றாலும் சரி, தேதியோடு வாங்குங்கள். கூட்டத்தில் அதைத் தீர்மானமாக எழுதி, அவரே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

5. சொன்ன தேதியில் கட்டினால் எல்லார் முன்னாலும் சொல்லிப் பாராட்டுங்கள். தவறினால் மறுபடி தனியாகவே பேசுங்கள். மூன்று முறைக்கு மேல் தவறினால் தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யுங்கள். கோபமில்லாமல், ஆனால் தவறாமல் செய்யுங்கள்.

இப்படிச் செய்தால் எல்லாப் பணமும் வந்துவிடும் என்று நாம் உறுதி சொல்லவில்லை. பணமே இல்லாதவர் எப்படிக் கேட்டாலும் கட்ட முடியாது. ஆனால் அவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்த மாட்டார். வந்துகொண்டிருந்தால் இன்று இல்லாவிட்டாலும் ஒரு நாள் கட்டுவார். வராமல் போனவர் கட்டியதாக நாம் பார்த்ததில்லை.

இந்த ஐந்தையும் செய்ய வேண்டும் என்று கூட்டமைப்பு உத்தரவு போடவில்லை. செய்வதும் விடுவதும் உங்கள் குழுவின் விருப்பம். ஒரே ஒரு வேண்டுகோள்: நிலுவை உள்ள ஒரே ஓர் உறுப்பினரிடம் மட்டும் இந்த முறையில் பேசிப் பாருங்கள். என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று அடுத்த மாதக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். பெயரைச் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சேர்ந்து பார்ப்போம்.